ஒன்பது விநாடிப் பொய்

விசாரணைக்கு ஐந்து மணி நேரம்தான் பாக்கி. அண்ணி என்னடாவென்றால் என் இரண்டு கையிலும் பாத்திரம் தேய்க்கும் ரப்பர் உறையை மாட்டி, சட்டைக்கு மேல் பிளாஸ்டிக் மேசை விரிப்பைச் சுற்றிக் கட்டி, "ஆரம்பி" என்றார்.

விரிப்புக்கு அடியில், பேன்ட் பாக்கெட்டில் என் போன் அலறியது. உறையை உருவினேன். இடது கை வந்துவிட்டது. வலது கை வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. பல்லால் கடித்து இழுத்து, விரிப்பைத் தூக்கி, போனை வெளியே எடுத்து, பூட்டுத் திறக்கும் எண்ணை அமுக்கி, திரையைத் தொட்டேன்.

"முப்பத்தி நாலு விநாடி," என்றார் அண்ணி.

"முதல் தடவைதானே. பழகினா குறையும்."

"பழகினவங்க இருக்காங்களே. நீ பண்ணும்மா."

எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸ் எழுந்தாள். பத்து நாளாகத் தூங்காத முகம். ஆனால் உறைகளை அவள் கழற்றிய விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரே இழுப்பு, இரண்டும் உள்பக்கம் வெளியாக வந்து குப்பைக் கூடையில் விழுந்தன. பதினாலு வருட வேலை அந்தக் கையில் இருந்தது.

"இருபத்தி நாலு," என்றார் அண்ணி. மேசையில் கிடந்த ஆஸ்பத்திரித் தாளை விரலால் தட்டினார். "இதுல ஒன்பது."

அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்துதான் எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. விஷயம் இதுதான். நர்ஸ் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் இப்போது எல்லோர் பாக்கெட்டிலும் ஒரு போன். சோதனைக்கூடத்தில் ஆபத்தான ரிசல்ட் வந்தால் சிவப்புச் செய்தி ஒன்று அந்த வார்டு நர்ஸுக்கும் டூட்டி டாக்டருக்கும் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டு போகும். இருவரில் யாராவது ஒருவர் 'பார்த்தேன்' என்ற பட்டனை அமுக்கினால் இரண்டு போனும் நிற்கும். மூன்று நிமிடம் யாருமே அமுக்காவிட்டால் சீனியர் டாக்டருக்குப் போகும். நல்ல ஏற்பாடு. யோசித்தவர்களுக்குக் கும்பிடு.

பத்து நாள் முன்னால், மதியம் இரண்டு பன்னிரண்டுக்கு ஆறாம் வார்டு பதினோராம் கட்டிலுக்கு அப்படி ஒரு செய்தி வந்தது. கட்டிலில் இருந்தவர் சிறுநீரகக் கோளாறுக்காகச் சேர்ந்தவர். ரத்தத்தில் பொட்டாசியம் ஏழு புள்ளி நாலு. உடனே மருந்து ஏற்ற வேண்டிய அளவு. ஏற்றவில்லையென்றால் இதயம் நின்றுவிடும். மூன்று ஐந்துக்கு நின்றுவிட்டது.

தாள் என்ன சொல்கிறது? செய்தி போய் ஒன்பதாவது விநாடியில், பணியாளர் எண் 417, 'பார்த்தேன்' என்று அமுக்கியிருக்கிறார். 417 இந்த நர்ஸ். பார்த்துவிட்டுச் சும்மா இருந்து ஓர் ஆளைச் சாகவிட்டாள் என்று அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பி, மறுநாள் காலை சஸ்பெண்ட் ஆர்டரைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இன்று நாலு மணிக்கு விசாரணை. அங்கே குற்றம் என்று தீர்ப்பாகிவிட்டால் நர்ஸ் பதிவே ரத்து. அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரியிலும் ஊசி தொட முடியாது.

"அலறினது எனக்குத் தெரியும்," என்றாள் நர்ஸ். "மூணாம் கட்டில்ல புண்ணுக்குக் கட்டு மாத்திக்கிட்டிருந்தேன். கையில உறை, மேல ஏப்ரன். கழட்டலாம்னு நினைக்கும்போதே நின்னுடுச்சு. நின்னா டாக்டர் எடுத்துட்டார்னு அர்த்தம். எங்க வார்டுல எல்லாருக்கும் அதான் பழக்கம்."

"டாக்டர் என்ன சொல்றார்?" என்றேன்.

"நின்னதும் நான் எடுத்துட்டேன்னு நினைச்சாராம்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டியது. வரவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு நடுவில் ஒருவர் செத்துப் போனார்.

என்னைப் பற்றியும் ஒரு வரி. வாய் சும்மா இருக்காததால் மூன்று வேலை போய், அண்ணனின் மனைவியிடம் உதவியாளராகச் சேர்ந்தவள் நான். சட்டென்று பொரிவதால் வீட்டில் எனக்குக் கடுகு என்று பெயர். அண்ணி இருபது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊர்ப் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தவர். யார் பொய் சொல்கிறார்கள் என்று மூச்சு விடுகிற விதத்திலேயே கண்டுபிடிப்பார். ஓய்வு பெற்றதும், அச்சுக்கடைக்கு மேலே இந்த ஒற்றை அறையை எடுத்துத் துப்பறியும் போர்டு மாட்டிவிட்டார்.

"பையில என்னம்மா?" என்றார் அண்ணி.

நர்ஸ் ஒரு துணிப்பையை நீட்டினாள். "அன்னைக்குப் போட்டிருந்த யூனிபார்ம். துவைக்க மனசு வரலை."

அண்ணி பேன்ட்டை விரித்தார். வலது தொடைப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதில் பேனாவால் பொடிப் பொடி எழுத்து.

"இது எங்க நோட்டுப் புத்தகம்," என்றாள் நர்ஸ் கொஞ்சம் கூச்சத்தோடு. "பார்த்தேன் அமுக்கினா அந்த நம்பர் திரையை விட்டுப் போயிடும். தேடி எடுக்க நேரமாகும். அதனால முதல்ல தொடையில எழுதிட்டு அப்புறம்தான் அமுக்குவோம். ராத்திரி ஷிப்ட் வந்ததும் இதைப் பார்த்துத்தான் எல்லாம் சொல்லுவோம்."

அண்ணி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நாலாம் கட்டில் சர்க்கரை இருநூற்று நாற்பது. ஒன்பதாம் கட்டில் காய்ச்சல். மூன்றாம் கட்டில் கட்டு, இரண்டு ஐந்து. பதினோராம் கட்டில் வாந்தி நின்றது, பதினொன்று இருபது. ஏழு புள்ளி நாலு எங்கேயும் இல்லை.

"இதைக் காட்டினீங்களா அவங்க கிட்ட?"

"காட்டினேன். அது ஆஸ்பத்திரி ரிக்கார்டு இல்லைன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார்."

பெரிய டாக்டர் என்றால் ஆஸ்பத்திரித் தலைவர். இன்றைய விசாரணைக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். "ரிக்கார்டு இல்லையாம்," என்றேன். "மனுஷி தொடையில ஒட்டி வெச்சிருந்தா செல்லாது. மெஷின் சொன்னா வேத வாக்கு. அந்த மெஷினையே நர்ஸ் வேலைக்கு வெச்சுக்க வேண்டியதுதானே."

"கடுகு, வாய மூடு," என்றார் அண்ணி. கோபமில்லாத குரல். அவர் பார்வை தாளிலேயே இருந்தது. "ஒன்பது விநாடியில அமுக்கணும்னா போன் பாக்கெட்டில இருந்திருக்க முடியாது. கண்ணு முன்னாடி, பூட்டு திறந்து, திரை எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கணும். யோசிச்சுச் சொல்லும்மா. உன் நம்பரையும் ரகசிய எண்ணையும் வேற எதுலயாவது எப்பவாவது போட்டியா?"

நர்ஸ் இல்லை என்று தலையாட்டத் தொடங்கினாள். பாதியில் தலை நின்றுவிட்டது.

"டிரெய்னிங்," என்றாள்.

புதுப் போன்கள் வந்தபோது எல்லோருக்கும் கற்றுக்கொடுக்க ஆறாம் வார்டிலிருந்து இவளைத்தான் பிடித்தார்களாம். மூன்றாம் மாடிக் கூட்ட அரங்கில் ஒரு பெரிய டேப்லட் வைத்து எண்பது பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். காட்டுவதற்கு என்று தனிக் கணக்கு வேண்டும். கம்ப்யூட்டர் பிரிவு ஆள் அதைப் போட்டுத்தரவில்லை. "இன்னைக்கு உங்களுதையே போட்டுக் காட்டுங்கக்கா, நாளைக்கு வேற போட்டுத் தர்றேன்" என்றானாம். அந்த நாளை வரவேயில்லை. கிளாஸ் முடிந்ததும் டேப்லட்டை அணைத்துவிட்டுக் கணக்கிலிருந்து வெளியே வராமல் இவள் வார்டுக்கு ஓடியிருக்கிறாள்.

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டார்.

மூன்றாம் மாடி அரங்கில் விசாரணைக்காக நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். எண்பதுக்குக் குறையாது. மூன்று பேர் உட்கார்ந்து விசாரிப்பதற்கு எதற்கு இத்தனை நாற்காலி? எல்லா ஊழியர்களும் வந்து பார்க்க வேண்டுமாம். பார்த்துப் பயப்பட வேண்டுமாம். மேடைக்குப் பின்னால் ஒரு பேனர் இன்னும் கழற்றாமல் தொங்கியது. 'ஒரே குழு, ஒரே குரல்.' அதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். எட்டவில்லை.

பேச்சாளர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புத் தாங்கி இருந்தது. மேலே வெறும் கவ்வி. அதில் வைத்திருந்த பொருளைக் காணோம்.

"சர்வீஸுக்குப் போயிருக்கு," என்றான் கம்ப்யூட்டர் பிரிவு ஆள். கழுத்தில் எப்போதும் இரண்டு ஒயர் தொங்குவதால் அவனுக்கு ஒயர் என்றே பெயராம். சொல்லும்போது எங்களைப் பார்க்காமல் தாங்கியைப் பார்த்தான்.

"எப்ப போச்சு?" என்றார் அண்ணி.

"தேதி ஞாபகமில்லை. எனக்குக் கீழ வேலையிருக்கு."

போய்விட்டான். படிக்கட்டில் அவன் கால்கள் ஓடும் சத்தம் கேட்டது. "லிப்ட் இருக்கும்போது எதுக்கு ஓடறான்?" என்றேன். அண்ணி அரங்கின் கடைசி வரிசைக்கு நடந்தார்.

அங்கே மைக்காரர் தன் பெட்டி முன்னால் உட்கார்ந்து, "ஹலோ, ஹலோ" என்று தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தார். தலை நரைத்த மனிதர். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தேன் என்று அண்ணி சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒயர், பிளக், இரைச்சல் என்று இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மணி ஒன்றேகால். எனக்கு உள்ளங்கால் கொதித்தது.

"பத்து நாள் முன்னாடி இங்க ஏதோ நிகழ்ச்சி நடந்ததாமே," என்றார் அண்ணி மெதுவாக.

"ஆமா, இந்தப் புது போன் ஏற்பாட்டைப் பார்க்க வெளி ஆஸ்பத்திரிக்காரங்க வந்திருந்தாங்க, நம்ம ஆளுங்களும் இருந்தாங்க. பெரிய டாக்டருக்கு ஷீல்டு எல்லாம் கொடுத்தாங்க."

"பேச்சைப் பதிவு பண்ணுவீங்களா?"

"அறிக்கை எழுதறதுக்காக எல்லாத்தையும் பண்ணுவேன். யாரும் கேட்டு வாங்கினதில்ல. ஒண்ணு ஐம்பதுக்கு ஆரம்பிச்சது."

"இருபத்திரண்டாவது நிமிஷத்தைப் போடுங்களேன்."

மைக்காரர் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பக்கமாக ஹெட்போனைக் கொடுத்தார். பெரிய டாக்டரின் குரல் காதில் விழுந்தது. நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் பேசுகிறவரின் குரல்.

"...நம்ம ஆஸ்பத்திரியில ஒரு தகவல் கிளம்பினா, சேர வேண்டியவங்க கையில போய்ச் சேர ஒரு நிமிஷம்கூட ஆகாது..."

அப்போது அலறியது. போனின் அதே அலறல், நர்ஸின் கணக்கு திறந்தே கிடந்த டேப்லட்டிலிருந்து, மைக்குக்குப் பக்கத்திலிருந்து. கூட்டம் சிரித்தது. பெரிய டாக்டரும் சிரித்தார்.

"பாருங்க, நான் சொல்லி முடிக்கலை, அதுக்குள்ள வந்துடுச்சு. எவ்வளவு சுலபம். ஒரே ஒரு பட்டன்."

அலறல் நின்றது. அண்ணி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது விரலில் நிறுத்தினார். ஹெட்போனில் கைதட்டல் கேட்டது. நீளமான கைதட்டல்.

பதினோராம் கட்டில்காரரின் உயிரை ஒரு விரலால் அமுக்கி நிறுத்திவிட்டு, அதற்குக் கைதட்டல் வாங்கி, ஷீல்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். இந்த மனிதர் நாலு மணிக்கு நர்ஸைப் பார்த்து ஏன் கவனிக்கவில்லை என்று கேட்கப் போகிறார்.

"வாங்க அண்ணி. இப்பவே அவர் ரூமுக்குப் போய்..."

"போய் என்ன பண்ணுவ?"

"கதவை உடைப்பேன்."

"உட்காரு," என்றார் அண்ணி. "அவர் வேணும்னு பண்ணலை. காட்டறதுக்காக வந்த விளையாட்டுச் செய்தின்னு நினைச்சிருக்கார். தெரியாம செஞ்ச தப்பு. இதை வெச்சுக்கிட்டு நாலு மணிக்குப் போனா, ஐயோ தெரியாதேன்னு கண்ணைத் துடைப்பார். நாலு பேர் பாவம்னு சொல்லுவாங்க. எனக்கு வேற ஒண்ணு வேணும். டேப்லட் எப்ப, எதுக்கு வெளிய போச்சுன்னு வேணும்."

மைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஆறாம் வார்டு நர்ஸ் விஷயமா?" என்றார். அண்ணி தலையசைத்தார். அவர் பெட்டியைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார். "பத்து நாளா இந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கு," என்றார்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "கடுகு, அந்தத் தாங்கியைத் தூக்கிக்கிட்டு வா."

"திருடச் சொல்றீங்களா?"

"தூக்கிக்கிட்டு வா. வாசல் வரைக்கும்."

இரும்புத் தாங்கி கனம் தாங்கவில்லை. மூன்று மாடி இறங்கி, நோயாளிகள் வழிவிட, முட்டியில் இடித்துக்கொண்டே தூக்கி வந்தேன். வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். கஞ்சி போட்ட சட்டை, சிரித்தே பழகாத மீசை.

"சீட்டு?"

"என்ன சீட்டு?" என்றேன்.

"பொருள் வெளிய போற சீட்டு. என்ன பொருள், எதுக்குப் போகுது, அனுமதிச்சவர் கையெழுத்து. குண்டூசி போனாலும் வேணும்."

அண்ணி பின்னாலிருந்து வந்தார். "சும்மா பேசாதீங்க. இதுல இருந்த டேப்லட் பத்து நாள் முன்னாடி போச்சே, அதுக்கு மட்டும் சீட்டு வாங்கினீங்களாக்கும். பெரிய இடத்துப் பொருள்னா கண்ணை மூடிக்குவீங்க."

காவலாளியின் காது சிவந்தது. "யாரைப் பார்த்து என்ன சொல்றீங்க? நான் கண்ணை மூடினேனா? இருங்க." அறைக்குள் போய் நீளமான புத்தகம் ஒன்றைத் தூக்கி வந்து எச்சில் தொட்டுப் புரட்டினார். "இந்தாங்க. நகல் ஒட்டியிருக்கு. பேசறதுக்கு முன்னாடி கண்ணைத் திறந்து பாருங்க."

அண்ணி குனிந்து பார்த்தார். போனில் ஒரு படம் எடுத்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. இருபது வருடத்தில் அண்ணனிடம்கூட அப்படி ஒரு முகத்தை அவர் காட்டியதில்லை.

"மன்னிச்சுக்குங்க," என்றார் காவலாளியிடம். "உங்க ஒருத்தரைத் தவிர இங்க எவனும் வேலையை ஒழுங்காப் பார்க்கலை."

"என்ன அண்ணி எழுதியிருக்கு?"

"தாங்கியை மேல கொண்டு போய் வை."

காட்டவில்லை. இரும்பைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். ஒவ்வொரு படியிலும் ஒருவரைத் திட்டினேன். பாதிக்கு மேல் அண்ணியைத்தான்.

நாலு மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் மூன்று பேர். நடுவில் பெரிய டாக்டர், ஒரு பக்கம் நிர்வாக அதிகாரி, இன்னொரு பக்கம் வெளி ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்த பெண் டாக்டர். கீழே முதல் வரிசையில் நர்ஸ். அவளிடமிருந்து நாலு நாற்காலி தள்ளி, இறந்தவரின் மகள். முப்பது வயதிருக்கும். நர்ஸைப் பார்க்கும்போதெல்லாம் அவள் தாடை இறுகியது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குக் கொடுத்த தாளிலும் 417 என்றுதானே இருந்தது.

பெரிய டாக்டர் மைக்கை இழுத்துக்கொண்டார். "கருவி பொய் சொல்லாது. பார்த்தேன்னு அமுக்கியிருக்கீங்க. பார்த்துட்டு என்ன செஞ்சீங்க?"

"நான் அமுக்கலை சார்."

"அப்ப யார் அமுக்கினா?"

நர்ஸ் சார்பாகப் பேச ஒருவர் வரலாம் என்று விதி. அண்ணி எழுந்தார். ஒன்பது விநாடிக் கணக்கைச் சொன்னார். பிளாஸ்திரியைக் காட்டினார். டிரெய்னிங்கில் டேப்லட்டில் போட்ட கணக்கு அப்படியே இருந்ததைச் சொன்னார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்துத் தலையசைத்தார். மைக்காரர் பதிவை ஓடவிட்டார். இந்தத் தடவை ஹெட்போனில் இல்லை. எட்டு ஸ்பீக்கரிலும்.

அலறல், சிரிப்பு, 'ஒரே ஒரு பட்டன்', கைதட்டல். எண்பது பேரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். அன்று அதே நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டியவர்களும் அதில் இருந்தார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் ஒளித்துக்கொண்டார்கள்.

பெரிய டாக்டரின் முகம் வெளுத்தது. ஆனால் ஆள் சாமானியப்பட்டவரா? கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், குரலைத் தழைத்தார்.

"கடவுளே. இது டெமோன்னு நினைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க. இந்த விஷயம் எனக்கே இன்னைக்கு, இந்த நிமிஷம்தான் தெரியுது."

அண்ணி சொன்னபடியே ஆயிற்று. பின்னால் யாரோ "பாவம், அவருக்கென்ன தெரியும்" என்றார்கள். நிர்வாக அதிகாரி தலையை ஆட்டினார். எனக்கு நாற்காலியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

"இன்னைக்குத்தான் தெரியுமா சார்?" என்றார் அண்ணி.

"சத்தியமா இன்னைக்குத்தான்."

"டாக்டரம்மா, அதை எழுதிக்கிட்டீங்களா?"

பெண் டாக்டர் எழுதிக்கொண்டார். அண்ணி போனை நீட்டிப் படிக்க ஆரம்பித்தார். "பொருள் வெளியே செல்லும் சீட்டு. டேப்லட் ஒன்று. காரணம், பணியாளர் எண் 417-இன் கணக்கை அழிக்க. நேரம், மாலை ஆறு நாற்பது. தேதி, அவர் இறந்த அதே நாள். கீழ பச்சை மையில ஒரு கையெழுத்து." பையிலிருந்து சஸ்பெண்ட் ஆர்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "இது மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கொடுத்த ஆர்டர். பணியாளர் எண் 417-ஐ இடைநீக்கம் செய்ய. இதுலயும் பச்சை மை. ரெண்டும் ஒரே கையெழுத்து."

இது தெரியாமல் செய்த தப்பு இல்லை. யார் அமுக்கியது என்று அன்று சாயங்காலமே தெரிந்திருக்கிறது. தெரிந்தபின் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, தூங்கி எழுந்து, பல் தேய்த்துவிட்டு வந்து அவள் தலையில் பழியைப் போட்டிருக்கிறார்.

"அது வேற யாரோ எழுதினது. நான் படிக்காம கையெழுத்துப் போட்டிருப்பேன்," என்றார் பெரிய டாக்டர்.

ஓரமாக நின்ற ஒயர் கழுத்திலிருந்த ஒயரைக் கழற்றிக் கையில் சுருட்டினான். "நான்தான் எழுதினேன்," என்றான். "எல்லாத்தையும் சார் கிட்ட சொல்லிட்டுத்தான் எழுதினேன். வெளிய சொன்னா என் தப்புன்னு ஆகும்னார். என் தப்பும்தான். அக்காவுக்கு வேற கணக்குப் போட்டுத் தர்றேன்னு சொல்லிட்டுப் போடாம விட்டேன்."

பெண் டாக்டர் அண்ணியிடமிருந்து ஆர்டரை வாங்கினார். "குழுவில ஒருத்தியா நான் சொல்றேன். இந்த ஆர்டர் நிக்காது. இனி இந்த விசாரணை யாரைப் பத்தினதுன்னு மேலிடத்துக்கு நானே எழுதறேன்," என்றார். நிர்வாக அதிகாரி பெரிய டாக்டரைப் பார்த்தார், பெண் டாக்டரைப் பார்த்தார், கடைசியில் தன் நாற்காலியை ஒரு அடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அப்போது இறந்தவரின் மகள் எழுந்தாள்.

"சார், எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். எல்லாரும் கை தட்டினாங்களே. அப்ப எங்கப்பா உயிரோட இருந்தாரா?"

பெரிய டாக்டர் தாள்களை அடுக்கினார். அடுக்கிய தாள்களையே மறுபடி அடுக்கினார்.

"இருந்தார்மா," என்றாள் நர்ஸ். "ரெண்டரை மணிக்கு வெயில் கண்ணுல படுது, திரையை இழுத்து விடும்மான்னார். இழுத்து விட்டேன். நீ சாயங்காலம் வருவேன்னு சொன்னார். அப்பவாவது நான் போனைத் திறந்து பார்த்திருக்கணும். டாக்டர் பார்த்திருப்பார்னு இருந்துட்டேன். அது என் தப்பு."

மகள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நாலு நாற்காலியையும் தாண்டி வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகை இல்லை, ஆத்திரம்.

பெரிய டாக்டருக்கு அந்த இடத்தில் எழுந்து போய்விடத் தெரிந்திருக்க வேண்டும். மைக்கை இன்னும் கிட்டே இழுத்தார்.

"நடந்தது நடந்துடுச்சு. இந்த ஆஸ்பத்திரியோட நல்ல பேரை நினைச்சு, நாம எல்லாரும் ஒரே குழுவா..."

குரல் பாதியில் மெலிந்து மேடையோடு நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. பின்வரிசைகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. விரலால் மைக்கைத் தட்டினார். சத்தமில்லை. அரங்கத்தின் கடைசி வரிசையைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ், மைக் நின்னுடுச்சு. பாருய்யா."

மைக்காரர் பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பார்த்தேன் சார்," என்றார். கை அசையவில்லை.